அதிதியின் கடமை: சைக்கிளில் அயல்தேசம் புறப்படும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த இளைஞர்களே,

சைக்கிளின் இருபுறமும் பைகளைக் கட்டிக்கொண்டு அயல்தேசத்து நெடுஞ்சாலைகளில் மாதக்கணக்கில் சஞ்சரிக்க வேண்டுமென்ற ஆவல் நம்மவரிடையேயும் வளர்ந்து வருவதையும், அப்படிப் புறப்பட விரும்புகிறவர்களுள் பலர், மத்திய ஆசியாவிலே தாஜிகிஸ்தான் தேசத்தின் ஊடே செல்லும் பாமீர் நெடுஞ்சாலையையே தங்கள் லட்சியமாகக் கொண்டிருப்பதையும் நான் மிக்க மகிழ்ச்சியோடு கவனித்து வருகிறேன். அச்சாலையில் போய் வந்தவன் என்ற முறையில் என்னிடம் நீங்கள் விசாரிப்பனவெல்லாம், எந்த டயர் தாங்கும், ஸ்போக் கம்பிகள் எத்தனை உபரியாக வேண்டும், எந்த மாதத்தில் கணவாய்களில் பனி உருகும், மொத்தத்தில் எவ்வளவு பணம் செலவாகும் என்பனவாகவே இருக்கின்றன. இவை அவசியமான கேள்விகள். இவற்றுக்கு விடை சொல்ல என்னைக் காட்டிலும் வல்லவர்கள் இருக்கிறார்கள். ஆயினும், அந்த மலைநாட்டு ஜனங்களின் வீட்டு வாசலில் நாம் எவ்வாறு போய் நிற்க வேண்டும், அவர்கள் இடுவதை எவ்வாறு பெற்றுக்கொள்ள வேண்டும், பெற்றதற்கு என்ன செய்ய வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லையாதலால், கேட்கப்படாத அக்கேள்விக்கு விடையாகவே இம்மடலை எழுதத் துணிந்தேன். விருந்தினரை உபசரிப்பது இல்லறத்தாரின் தர்மம் என்பதை நம் முன்னோர் ஆயிரம் விதமாகச் சொல்லி வைத்தார்கள். அந்த விருந்தினருக்கும் ஒரு தர்மம் உண்டென்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

சைக்கிளில் அயல்நாடு செல்வது இன்று நேற்று உண்டான வழக்கமன்று. 1884-ஆம் வருஷத்தில், முன்சக்கரம் பெரிதாகவும் பின்சக்கரம் சிறிதாகவும் அமைந்த அக்காலத்து வண்டியின்மேல் ஏறி ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து புறப்பட்ட தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர், கடல்களைக் கப்பலில் தாண்டி, துருக்கி, பாரசீகம், இந்தியா ஆகிய தேசங்களின் சாலைகளில் சென்று, 1886-ஆம் வருஷத்தின் இறுதியில் ஜப்பானிலுள்ள யோகஹாமாவை அடைந்தார். 1923-இல் பம்பாயிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பிய பார்ஸி இளைஞர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பஸோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர், பாலைவனங்களையும் காடுகளையும் கடந்து 1928-இல் தாய்நாடு திரும்பினார்கள். 1963-இல் டெர்வ்லா மர்பி என்ற அயர்லாந்துப் பெண்மணி, ஐரோப்பாவின் கடுங்குளிரிலே தனியொருத்தியாகப் புறப்பட்டு, பாரசீகம், ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தானம் வழியாக டில்லி வந்து சேர்ந்தார். இவர்களுடைய மனோதிடத்தைப் போற்றுகின்ற நாம், வழிநெடுக இவர்களுக்கு ரொட்டியும் நீரும் படுக்கையும் கொடுத்த எண்ணற்ற ஏழைக் குடும்பங்களை நினைப்பதில்லை. அக்குடும்பங்கள் இல்லையேல் இந்தப் பிரயாணங்களும் இல்லை. அன்றியும், அந்தக் காலத்தில் ஒரு கிராமத்தார் தம் ஆயுட்காலத்தில் இத்தகைய யாத்திரிகர் ஒருவரைக் கண்டிருந்தாலே அதிகம் என்பதையும், இன்று பாமீர்ச் சாலையோரத்துக் கிராமத்தில் ஒரு கோடைக்காலத்திலேயே யாத்திரிகர்கள் கூட்டங்கூட்டமாக வந்திறங்குகிறார்கள் என்பதையும் நீங்கள் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிக்கவேண்டும்.

தாஜிகிஸ்தானின் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மலையே. அந்நாட்டின் கிழக்கே உள்ள மலைப் பதக்ஷான் என்னும் சுயாட்சிப் பிரதேசம், தேசத்தின் பரப்பில் ஏறக்குறையப் பாதியைத் தன்னுள் அடக்கியிருந்தும், ஜனத்தொகையில் நூற்றுக்கு மூவரைக்கூடக் கொண்டதன்று. 1930-களின் முற்பகுதியில் சோவியத் அரசினர் கிர்கிஸ்தானிலுள்ள ஓஷ் நகரையும் இப்பிரதேசத்தின் தலைநகரான கொரோக் நகரையும் இணைத்துப் போட்ட பாதையே, பின்பு தலைநகரான துஷான்பே வரைக்கும் தொடர்ந்து, எம் 41 என்ற எண்ணுடன் பாமீர் நெடுஞ்சாலையாக விளங்குகிறது. கொரோக்கை அடைந்தபின், சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் நேர்வழியை விட்டுத் தெற்கே திரும்பி, பாஞ்ச் நதியின் ஓரமாக இஷ்காஷிம், லங்கர் முதலிய ஊர்களையுடைய வாகான் பள்ளத்தாக்கில் செல்வார்கள். நதியின் மறுகரை ஆப்கானிஸ்தானம். அங்கே கழுதை ஓட்டிச் செல்பவரின் குரல் இங்கே கேட்கும். ஆனால் பிரிட்டிஷாரும் ஜார் சக்கரவர்த்தியின் ருஷ்யர்களும் 1873-இலும் 1895-இலும் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளால், ஒரே பாஷை பேசும் ஒரே குலத்து வாகி மக்கள் இரண்டு ராஜ்யங்களின் பிரஜைகளாகப் பிரிக்கப்பட்டுப்போனார்கள். லங்கருக்கு மேலே பாதை மரங்களற்ற பீடபூமியில் ஏறி, 4,344 மீட்டர் உயரமுள்ள கர்குஷ் கணவாயைத் தாண்டி, முர்காப் வழியாகச் சென்று, 4,655 மீட்டர் உயரத்தில் அக்பைதால் கணவாயில் தன் உச்சியை அடைகிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு. மேட்டில் வண்டியை மிதிக்கையில் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க நேரிடும்.

இத்தகைய பிரதேசத்தில் சைக்கிளில் வருபவனுக்கு ஒரு விசேஷமான அந்தஸ்து தானாகவே கிடைத்துவிடுகிறது. மோட்டாரில் வருபவன் கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறான். புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விடுகிறான். சைக்கிளில் வருபவனையோ, அரை மைல் தூரத்திலேயே வயலில் வேலை செய்பவர்கள் கண்டு, அவன் மேட்டில் திணறுவதையும், மணலில் இறங்கித் தள்ளுவதையும், பிற்பகற்காற்றுக்கு எதிரே தலை குனிந்து போராடுவதையும் பார்த்துக்கொண்டே இருந்து, தங்கள் வாசலை அவன் அடைவதற்கு முன்பே அவனுக்குப் பசியும் தாகமும் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். குழந்தைகள் சாலைக்கு ஓடிவந்து உள்ளங்கையை நீட்டி நம் கையில் தட்டுகின்றன. கிழவர்கள் வலக்கையை மார்பில் வைத்துத் தலை தாழ்த்துகிறார்கள். ‘தேநீர் அருந்திப் போங்கள்’ என்று கையைக் குவித்து உதட்டருகே கொண்டு செல்லும் ஜாடைக்கு அர்த்தம் கூற எந்த அகராதியும் வேண்டியதில்லை.

வாகானில் நான் தங்கிய இல்லங்களுள் ஒன்றைச் சற்று விவரமாகச் சொல்லுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய தட்டைக் கூரை வீடு. உள்ளே புகுந்தால், ஐந்து மரத்தூண்கள் தாங்கும் விசாலமான ஒரே கூடம். அத்தூண்கள் நபிகள் நாயகம், அலி, ஃபாத்திமா, ஹஸன், ஹுஸைன் ஆகிய ஐவரின் பெயரால் வழங்குகின்றன. ஏனெனில் இம்மக்கள் இஸ்மாயிலி மார்க்கத்தைச் சார்ந்தவர்கள். கூடத்தின் நடுவே மேலே நோக்கினால், ஒன்றுக்குள் ஒன்றாகத் திருப்பிவைத்த நான்கு மரச் சதுரங்களின் வழியே வானம் தெரியும்; நிலம், நீர், காற்று, நெருப்பு ஆகிய நான்கு பூதங்களை அவை குறிப்பதாகச் சொல்லுகிறார்கள். சுற்றிலும் திண்ணை போன்ற மேடைகள். அவற்றின்மேல் பஞ்சு மெத்தைகள். வீட்டுக்காரரின் தாயார் துணியை விரித்து, வட்டமான ரொட்டியைக் கையாலேயே விண்டு எங்கள் எதிரே வைத்தார். ரொட்டியை அவர்கள் குப்புற வைப்பதில்லை, கீழே விழுந்த துணுக்கையும் மிதிக்க விடுவதில்லை. கிண்ணத்தில் தேநீரைப் பாதியளவே ஊற்றி, அது தீரத்தீர மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தார். நிறைய ஊற்றிவிட்டால் விருந்தாளியைச் சீக்கிரம் அனுப்ப நினைப்பதாக ஆகிவிடுமாம். விடிந்ததும், பாலும் உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய ஷீர்சாய் என்னும் தேநீரில் ரொட்டித் துண்டுகளை நனைத்துத் தந்தார்கள். குளிரில் நாள்முழுதும் மிதிக்கப்போகிறவனுக்கு அதைவிடச் சிறந்த ஆகாரம் இல்லை. நான் இந்தியன் என்று அறிந்தவுடன் அந்த வீட்டுப் பெரியவர் முகம் மலர்ந்து ராஜ் கபூரின் பெயரைச் சொன்னார். ராஜ் கபூர் நடித்த ‘ஆவாரா’ என்னும் ஹிந்திப் படம் 1954-இல் சோவியத் நாட்டில் திரையிடப்பட்டு லட்சோபலட்சம் ஜனங்களின் உள்ளத்தைக் கவர்ந்த காலத்திலிருந்து, ஹிந்துஸ்தானம் என்றாலே அவர்களுக்கு உறவினர் ஊரைப்போல ஆகிவிட்டது.

நண்பர்களே, இந்த உபசாரத்தின் இனிமையில் மயங்கி, அதன் கிரயத்தை நாம் காணத் தவறலாகாது. 1992 முதல் 1997 வரை அந்நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரின்போது பதக்ஷான் பிரதேசம் தலைநகரான துஷான்பேயிலிருந்து துண்டிக்கப்படவே, ஓஷ் நகரத்திலிருந்து இதே சாலை வழியாக, இஸ்மாயிலி மார்க்கத்தாரின் தலைவரான ஆகா கானின் அறநிறுவனம் லாரிகளில் அனுப்பிய தானியத்தைக் கொண்டு ஜனங்கள் உயிர் தரித்தார்கள். இன்றும், தேசத்தின் வருமானத்தில் கால் பங்குக்கு மேல், ருஷ்யாவுக்குச் சென்று கட்டட வேலையும் கூலி வேலையும் செய்யும் பிள்ளைகள் அனுப்பும் பணமே. நமக்கு விரித்துக் கொடுக்கும் மெத்தை, பெரும்பாலும் மாஸ்கோவில் உழைக்கும் ஒரு மகனுடைய மெத்தை. முர்காப் பக்கத்து மேட்டுநிலத்திலோ நிலைமை இன்னும் கடுமையானது. 3,600 மீட்டர் உயரத்திலுள்ள அந்த வறண்ட பூமியில் கோதுமை விளையாது; மாவு மூட்டை லாரியில்தான் வரவேண்டும். மரமும் கிடையாது. சோவியத் காலத்தில் அரசாங்கமே நிலக்கரியும் எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தது; 1991-க்குப்பின் அது நின்றுபோகவே, ஜனங்கள் தெரெஸ்கென் என்னும் குட்டைப் புதரை வேரோடு பறித்து அடுப்பெரிக்கலானார்கள். மிகமிக மெதுவாக வளரும் செடி அது. ஊரைச் சுற்றி அது அற்றுப்போகவே, அதைத் தேடி மேலும் மேலும் தூரம் செல்ல வேண்டியதாயிற்று. ஆகவே, அங்கே நமக்காக ஒரு கெட்டில் நீர் கொதிக்கும்போது எரிவது, யாரோ ஒருவர் நெடுந்தூரம் சென்று தோண்டிச் சுமந்துவந்த எரிபொருள் என்பதையும், அந்த ரொட்டி அவர்களுடைய குளிர்கால இருப்பிலிருந்து எடுத்தது என்பதையும் அறிந்தே நாம் அதை வாயில் இடவேண்டும்.

பாலைவனத்திலும் மலையிலும் வாழ்பவர்களிடையே விருந்தோம்பல் ஒரு சட்டம்போல் நிலைபெற்றதற்குக் காரணம் உண்டு. இன்று என் கூடாரத்தில் தங்கியவனுடைய கூடாரத்தில், நாளைப் பனிப்புயலில் சிக்கிய நானும் தங்குவேன் என்ற பரஸ்பர உறுதியே அதன் அஸ்திவாரம். ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் இறைப்பவர்களே கோடையில் தூரும் வாருகிறார்களாதலால் அது வற்றாமல் ஊறுகிறது. இறைப்பவர்கள் மட்டும் பெருகித் தூர்வாருவார் இல்லாமற்போனால் எவ்வளவு நல்ல ஊற்றும் ஒருநாள் சேறாகிவிடும். அயல்தேசத்துச் சைக்கிள் யாத்திரிகன் இந்தக் கிணற்றில் இறைப்பவன். தூர் வாரும் முறை அவனுக்கு வருவதே இல்லை. வாகானில் எனக்குச் சோறிட்ட அக்குடும்பத்தார், சென்னைக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டும் சந்தர்ப்பம் எந்நாளும் வாய்க்கப்போவதில்லை; விமானக் கட்டணமும் விஸாவும் அவர்களுக்கு எட்டாதவை. பழைய பரஸ்பரம் இவ்வாறு நம்மால் முறிந்துவிடுகிறது. முறித்தவர்கள் நாமாதலால், அதை வேறு விதமாகச் சீர்செய்யும் பொறுப்பும் நம்முடையதே.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம், காசே செலவழிக்காமல் ஒரு தேசத்தைக் கடந்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மனப்பான்மை யாத்திரிகர்களிடையே பரவிவருவதுதான். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த வண்டியில் ஏறிச்சென்று, கூலிவேலை செய்யும் குடும்பத்தின் மாவுப் பானையில் கைவைத்துவிட்டு, அதைச் சிக்கனம் என்றும் சாகஸம் என்றும் வர்ணிப்பது தர்மமாகாது. நம் செலவு எங்கும் மறைந்துபோய்விடவில்லை. அதை வேறொருவர் ஏற்றுக்கொண்டார் என்பதே உண்மை. இதற்காக, அன்போடு அழைப்பவர்களின் அழைப்பை மறுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மறுப்பது அவர்களை நோகச் செய்யும். பெறுவதற்கு ஒரு முறை உண்டு என்றுதான் சொல்லுகிறேன்.

அந்த முறையை எனக்குத் தெரிந்த அளவில் கூறுகிறேன். கொரோக்கிலும் முர்காபிலும் உள்ள சுற்றுலாச் சங்கங்கள் கிராம வீடுகளில் கட்டணத்துக்குத் தங்கும் ஏற்பாட்டை வளர்த்திருக்கின்றன. அத்தகைய வீடுள்ள ஊரில் அங்கேயே தங்கி, கேட்ட கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணம் குளிர்காலத்து மாவாகவும் பிள்ளைகளின் பள்ளிச் செலவாகவும் மாறுகிறது. அத்தகைய வீடில்லாத இடத்தில் ஒருவர் தம் இல்லத்துக்கு அழைத்தால், முதல் வார்த்தைக்கே உள்ளே சென்றுவிடாமல், ஒருமுறை இருமுறை மறுத்து, அவர் மெய்யாகவே வற்புறுத்துகிறார் என்று கண்ட பின் செல்லுங்கள். பின்னால் வரும் ஊர்களை உத்தேசித்து, கடையுள்ள ஊரிலேயே தேயிலையும் சர்க்கரையும் வாங்கி வைத்துக்கொண்டு, போகும் வீட்டில் மூதாட்டியின் கையில் கொடுங்கள். பணத்தை நேருக்கு நேர் நீட்டினால் வாங்கமாட்டார்கள். குழந்தைகளின் படிப்புக்கென்று சொல்லி வீட்டுப் பெண்மணியிடம் தனியே கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். சாலையில் ஓடிவரும் குழந்தைகளுக்கு மிட்டாயும் பேனாவும் வாரி இறைக்காதீர்கள். கையை நீட்டித் தட்டி விளையாடிய குழந்தை அதே கையை யாசிக்க நீட்டும்படி செய்பவர்கள் நாமாகக் கூடாது. இரவில் தங்கினால், காலையில் தண்ணீர் சுமந்து வரவோ, உலர்ந்த புல்லைக் கூரைமேல் ஏற்றவோ கைகொடுங்கள். பாஷை தெரியாத இடத்தில் சேர்ந்து வேலை செய்வதே மிகச் சிறந்த சம்பாஷணை.

விருந்தளித்தவர்களின் கௌரவத்தையும் பாதுகாப்பையும் காப்பது அடுத்த கடமை. அனுமதி கேளாமல் எவரையும், விசேஷமாகப் பெண்களை, படம் பிடிக்காதீர்கள். வறுமையைக் காட்சிப்பொருளாக்கும் படங்களை எவர் அனுமதித்தாலும் எடுக்காதீர்கள். 2021, 2022-ஆம் வருஷங்களில் பதக்ஷானில் அரசாங்கத்துக்கும் உள்ளூராருக்கும் இடையே நேர்ந்த மோதல்களில் உயிர்கள் பலியாயின. ஆதலால் ராஜாங்க விவகாரங்களைக் கிளறிக் கேட்பதும், சொன்னவர்களின் பெயரையும் ஊரையும் முகத்தையும் பகிரங்கப்படுத்துவதும், நாம் எல்லை தாண்டிப்போன பின்பு அவர்களுக்குத் தீங்காக முடியலாம். அப்பிரதேசத்துக்கென்று தனி அனுமதிச்சீட்டு வேண்டும். அதைப் பெற்றுச் செல்லுங்கள். எல்லைக்காவல் சாவடிகளைப் படம் பிடிக்கவோ, எல்லை நதியோரத்தில் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கவோ துணியாதீர்கள்; சில இடங்களில் பழைய கண்ணிவெடிகள் புதைந்திருக்கக்கூடும். அபாயமே இல்லாத நாடு என்று உங்களுக்கு நான் ஆசைகாட்டப் போவதில்லை. 2018 ஜூலை 29 அன்று தங்காரா ஜில்லாவில், சைக்கிளில் சென்றுகொண்டிருந்த அயல்நாட்டார்மேல் கொலைகாரர்கள் சிலர் மோட்டாரை ஏற்றியும் கத்தியால் தாக்கியும் நால்வரைக் கொன்றார்கள். அந்த நால்வரை நினைத்துத் துக்கப்படுவதோடு, அதே சாலையில் முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான அந்நியர்களை வீட்டுக்குள் அழைத்து உணவிட்ட ஜனங்களை அக்கொலைகாரர்களைக் கொண்டு எடைபோடாமல் இருப்பதும் நீதி.

கடைசியாக ஒன்று. நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு வகுத்துக்கொண்டு, அந்தக் கணக்கை நிறைவேற்றுவதற்காகவே அழைத்தவர்களின் வாசலைக் கடந்து ஓடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனால், உறங்கும் உயரத்தை நாளுக்கு ஐந்நூறு மீட்டருக்குமேல் கூட்டாமல் மெதுவாக ஏறுவதே தேகத்துக்கு நல்லதென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். மனிதர்களை அறிவதற்கும் அந்த வேகமே உகந்தது. உபசரிப்பவர்கள் நம்மிடம் பெரும்பாலும் எதிர்பார்ப்பது பொருளையன்று. நாம் எங்கிருந்து வருகிறோம், நம் தாய் தந்தையர் சௌக்கியமா, எத்தனை பிள்ளைகள், நம் ஊரில் என்ன விளைகிறது என்பதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல வேண்டும், அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். நெடுங்குளிர்காலத்தில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் செய்தி அது. நம் வீட்டாரின் புகைப்படம் ஒன்றும், நம் ஊர் வயலின் படம் ஒன்றும் கையில் இருந்தால் ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேச்சு வளரும். ஒரு பகலை இதற்காக இழக்க மனமில்லாதவன் அச்சாலைக்குப் போகவேண்டிய அவசியமில்லை. மலை ஏறும் பயிற்சி மட்டும் வேண்டுமானால் நீலகிரியே போதும்.

திரும்பி வந்தபின் செய்யவேண்டிய கடமையையும் சொல்லி முடிக்கிறேன். நமது கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், ராமேசுவரம், கன்னியாகுமரிச் சாலைகளிலும் வெயிலில் கருகிய முகத்தோடு அயல்நாட்டுச் சைக்கிள் யாத்திரிகர்கள் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாமீரில் உங்களுக்கு உணவிட்ட குடும்பத்துக்கு உங்களால் திருப்பிச் செய்ய இயலாததை, இந்த யாத்திரிகர்களுக்குச் செய்யுங்கள்: நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, இரவு தங்க இடம் கேட்டால் வீட்டைத் திறந்துவிடுங்கள்; பெற்றோர் தயங்கினால், அயலூரில் உங்களுக்குக் கதவு திறந்த கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். அயல்தேசத்தில் விருந்துண்ணத் தெரிந்து, சொந்த ஊரில் விருந்திடத் தெரியாதவராக உங்களில் ஒருவரும் இருக்கக்கூடாது என்பதே என் பிரார்த்தனை. இந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டவர்கள் தைரியமாகப் புறப்படுங்கள். கணவாய்களில் பனி உருகும் கோடைக்காலத்தை ஒட்டிச் செல்லுங்கள். டயரைப் பற்றியும் ஸ்போக் கம்பியைப் பற்றியும் இனி நீங்கள் எத்தனை கேள்வி கேட்டாலும் நான் மகிழ்ச்சியோடு விடை எழுதுவேன்.

இங்ஙனம்,
உங்களுக்கு முன்னே அச்சாலையில் சென்று வந்த அன்பன்